கோபிநத்தம்: கானகத்து விருந்தறம்

வழியும் நீரும் அரிதாக உள்ள நிலத்திலேதான் விருந்தோம்பல் என்னும் அறம் ஓங்கி வளர்ந்தது என்பது வரலாறு காட்டும் உண்மையாகும். வயலும் வாய்க்காலும் நிறைந்த மருத நிலத்திலே அரசர்கள் சத்திரம் கட்டினார்கள். செல்வர்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். அங்கே ஒரு வீட்டின் கதவு அடைத்திருந்தால் வழிப்போக்கன் அடுத்த வீட்டிற்குச் செல்லலாம். ஆனால் மணற்காட்டிலும் மலைக்காட்டிலும் அடுத்த வீடு என்பதே இல்லை. ஒருவன் கதவை அடைத்தால் மற்றவன் உயிர் போகும். ஆகவே அந்நிலங்களில் விருந்து வெறும் உபசாரமாக நில்லாமல், எழுதப்படாத சட்டமாகவே ஆயிற்று.

இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு அரேபியப் பாலைவனத்தின் நாடோடி மக்களாகிய பெதூயின்கள். வெள்ளாட்டு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரமே அவர்கள் இல்லம். கூடாரத்தை நாடி வந்தவனை மூன்று நாட்கள் உண்பித்துக் காப்பது அவர்கள் மரபு. வந்தவன் பகைவனேயாயினும், அடைக்கலம் என்று உள்ளே புகுந்துவிட்டால் அவனைக் காப்பது வீட்டுக்காரன் கடன். ஏலக்காய் மணக்கும் காப்பியைப் பிடியில்லாத சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்று விருந்தினன் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டும்வரை ஊற்றுவது நிற்காது. அரபியரின் இந்தக் காப்பி மரபை ஈகையின் அடையாளமாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் உறவினருள் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். விடுமுறை நாளில் அவர்கள் குடும்பத்தோடு பாலைவனம் சென்று, அகன்ற சக்கரங்களும் இரும்புக் கூடும் உடைய 'பக்கி' என்னும் மணல் வண்டியில் ஏறி, மணற்குன்றுகளின் மேல் ஓடி, பின்னர் பெதூயின் கூடாரத்தில் அமர்ந்து காப்பி அருந்தும் படங்களை நமக்கு அனுப்புகிறார்கள். அவற்றைக் கண்டு நாமும் மகிழ்கிறோம். மகிழும்போதே நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. மைசூரில் வாழும் நமக்கு அண்மையில், அரைநாள் பிரயாணத்திலே, அத்தகைய கடும் நிலமும் அத்தகைய விருந்தறமும் கொண்ட ஊர் ஒன்று உண்டா? உண்டு. அவ்வூரின் பெயர் கோபிநத்தம். அப்பெயரைக் கேட்டதும் எவருக்கும் விருந்து நினைவுக்கு வருவதில்லை. வேறொன்றே நினைவுக்கு வருகிறது. அஃது ஏன் என்பதையும், அது நியாயமா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலையும் காடும்

தமிழ்நாட்டில் மணற்பாலை இல்லையாயினும், நம் முன்னோர் ஐவகை நிலங்களுள் பாலையையும் ஒன்றாக வைத்தனர். முல்லைக் காடும் குறிஞ்சி மலையும் கோடையில் தம் இயல்பு திரிந்து வறண்டபோது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் தரும் விளக்கம். எனவே நமது பாலை என்பது வாடிய காடே. பங்குனி, சித்திரை மாதங்களில் மாதேசுவரன் மலையின் கிழக்குச் சரிவில் இறங்கிப் பார்ப்பவர்களுக்கு இவ்விளக்கத்தின் உண்மை கண்கூடாகத் தெரியும். இலையுதிர்த்த மரங்கள், முட்புதர், சிவந்த புழுதி, வெந்து கிடக்கும் பாறை இவையே எங்கும் தென்படும்.

இத்தகைய வழியில் செல்வோருக்கு மலைமக்கள் செய்யும் உபசாரத்தைப் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் விரிவாகக் கூறுகிறது. பெருங்கௌசிகனார் என்னும் புலவர், செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி காட்டுவதாக அமைந்தது அந்நூல். காட்டு விலங்கு முதலாய ஆபத்துகளை எச்சரிப்பதோடு, இடையிலுள்ள சிற்றூர்களில் எவரெவர் என்னென்ன உணவு படைப்பர் என்றும் அது உரைக்கிறது. இன்றைய பிரயாண வழிகாட்டி நூல்களுக்கு அதுவே மூதாதை எனலாம்.

கோபிநத்தத்திற்குக் கிழக்கே காவிரியைக் கடந்தால் வருவது தருமபுரிச் சீமை. அதன் பழம்பெயர் தகடூர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட நாடு அது. இஃது வெறும் கதையன்று என்பதற்குச் சான்றாக, தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள ஜம்பை என்னும் ஊரில் 1981 ஆம் ஆண்டு ஒரு பாறைக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமானஞ்சி சமண முனிவர்க்கு உறைவிடம் ஈந்த செய்தியை அது பழந்தமிழ் எழுத்தில் கூறுகிறது. வந்தவர்க்கு இடம் கொடுத்தல் இப்பகுதி மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதற்கு அக்கல்லே சாட்சி.

ஊரும் எல்லையும்

நத்தம் என்ற சொல்லுக்குக் குடியிருப்பு நிலம் என்பது பொருள். மலைக்கும் ஆற்றுக்கும் இடையே, காட்டின் நடுவே அமைந்த குடியிருப்பு கோபிநத்தம். மேற்கே மாதேசுவரன் மலை, கிழக்கே காவிரி, தெற்கே பாலாறு, பாலாற்றைத் தாண்டினால் சேலம் மாவட்டத்து மேட்டூர்ப் பகுதி. காவிரி பாறைகளை உடைத்துப் பாய்ந்து புகைபோல் நீர்த்திவலை எழுப்பும் ஒகேனக்கல் அருவி இவ்வூரிலிருந்து தொலைவன்று. ஒகேனக்கல் என்பது 'புகைக்கல்' எனப் பொருள்படும் கன்னடப் பெயர். ஆயினும் அப்பெயரைத் தமிழர் எவரும் அயற்சொல்லாகக் கருதுவதில்லை. அங்கே பரிசல் ஓட்டுபவனுக்கு இரு கரையும் ஒன்றே. உழவு மாடுகளில் பெயர்பெற்ற ஆலம்பாடி இனத்திற்குப் பெயர் தந்த ஆலம்பாடியும் இப்பகுதியில் உள்ளதே.

கோபிநத்தத்தின் மக்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். அவ்வூர் கருநாடக மாநிலத்தில் உள்ளது. இஃது எவ்வாறு நேர்ந்தது? 1799 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், கோயமுத்தூர்ச் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. கொள்ளேகாலம் வட்டம் சென்னை இராஜதானியின் கோயமுத்தூர் ஜில்லாவிலே சேர்ந்திருந்தது. கோபிநத்தத்து விவசாயி நிலவரி, வழக்கு, பத்திரம் ஆகிய யாவற்றிற்கும் சென்னை அரசாங்கத்தின் குடிமகனாகவே இருந்தான். பின்னர் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்ட 1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள், கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. வட்டம் முழுவதையும் நோக்கினால் கன்னடம் பேசுவோரே மிகுதி. ஆகவே அம்மாற்றம் முறையானதே. ஆயினும் எந்த எல்லைக்கோடும் ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்து வளைந்து செல்வதில்லை. தமிழ் பேசும் கோபிநத்தம் மைசூர்ப் பக்கம் நின்றது. தாளவாடிப் பகுதியில் கன்னடம் பேசும் சிற்றூர்கள் பல சென்னைப் பக்கம் நின்றன. மைசூர் மாவட்டத்தில் சேர்ந்த கொள்ளேகாலம், 1997 ஆம் ஆண்டு சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனோடு சென்றது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நாம் பிழைப்பை நாடி, இரயிலேறி, பிறந்த ஊரை விட்டு இம்மாநிலத்திற்கு வந்தோம். கோபிநத்தத்தார் எங்கும் வரவில்லை. அவர்கள் தம் திண்ணையில் இருந்தபடியே இருந்தார்கள். எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. ஒரே இரவில் அவர்களும் நம்மைப் போலவே வேற்றுமொழி மாநிலத்துத் தமிழராயினர். ஆயினும் நமக்கு ஒரு சங்கம் உண்டு, ஆண்டு விழா உண்டு, மலர் உண்டு. இவற்றைக் கோபிநத்தம் அறியாது.

சந்தனமும் துப்பாக்கியும்

மைசூர் என்றால் சந்தனம். ஆனால் அச்சந்தனத்தின் வரலாறு வாசனை மட்டும் உடையதன்று. திப்பு சுல்தான் காலத்திலேயே சந்தன மரம் அரசுடைமை ஆக்கப்பட்டது. அவ்விதி ஆட்சிகள் மாறியும் நீடித்தது. தன் வயலில் தானே முளைத்து வளர்ந்த சந்தன மரத்தையும் உழவன் தொடலாகாது. மரம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை தோன்றிய பின்னர் மரத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. விலைமிக்க மரம் வீட்டுக்கருகே நிற்கும். அதனால் அங்குள்ளவனுக்கு ஒரு காசும் நேர்வழியில் கிட்டாது. கருநாடகத்தில் 2001 ஆம் ஆண்டிலேதான் நிலத்துக்குரியவனுக்கு மரத்தின் மேல் உரிமை தந்து சட்டம் திருத்தப்பட்டது. கள்ளக் கடத்தல் இக்காட்டில் வேரூன்றியதற்கு இந்நிலையும் ஒரு காரணம். காரணம் கூறுதல் குற்றத்திற்கு நியாயம் கூறுதல் ஆகாது. ஆனால் காரணம் அறியாதவன் வரலாறு அறியாதவனே.

வீரப்பன் 1952 ஆம் ஆண்டு கோபிநத்தத்திலே பிறந்தான். யானைத் தந்தத்திலும் சந்தனத்திலும் தொடங்கிய அவன் தொழில் கொலையிலும் ஆட்கடத்தலிலும் முடிந்தது. 1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் பாலாற்றின் அருகே அவன் வைத்த கண்ணிவெடியால் 22 பேர் மாண்டனர். கன்னட நடிகர் இராஜ்குமார் 2000 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் தம் சொந்த ஊராகிய கஜனூரிலிருந்து கடத்தப்பட்டு, 108 நாட்கள் காட்டில் வைக்கப்பட்டு, நவம்பர் 15 ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். கன்னட மக்கள் போற்றும் அக்கலைஞரின் கஜனூர் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது. அவரைக் கடத்தியவனின் கோபிநத்தமோ கருநாடக எல்லைக்குள் இருப்பது. எல்லையின் விசித்திரத்திற்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை. அந்த 108 நாட்களும் கருநாடகத்துத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வாறு அஞ்சியிருந்தன என்பதை நம் காலனியின் மூத்தோர் நன்கறிவர். நம் பெண்கள் கடைத்தெருவில் தமிழ் பேசத் தயங்கியதும், அண்டை வீட்டுக் கன்னட அன்னையர் தாமே முன்வந்து பால் வாங்கித் தந்ததும் மறக்கற்பாலன அல்ல. 2004 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் நாள் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே, தமிழ்நாட்டு அதிரடிப் படையினரால் வீரப்பன் சுடப்பட்டு இறந்தான்.

இவ்வளவும் செய்தித்தாள்களில் படித்தவையே. அவற்றில் குறைவாகவே எழுதப்பட்டது, இவ்வாண்டுகளில் காட்டோர மக்களின் அடுப்பு பட்ட பாடு. காட்டின் பழைய அறம், வந்தவனுக்குச் சோறு போடு என்பது. ஆனால் இரவிலே துப்பாக்கியோடு வந்து ஒருவன் சோறு கேட்டால் என் செய்வது? மறுத்தால் அவன் சுடுவான். கொடுத்தால், பகலில் வருவோர் கள்வனுக்கு உடந்தை என்று பிடித்துச் செல்வர். உலகெங்கும் புண்ணியமாக எண்ணப்படும் செயல் அங்கே குற்றமாயிற்று. இரு மாநிலங்களின் காட்டோர மக்களும் அதிரடிப் படையினர் மேல் கூறிய கொடுமைப் புகார்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999 ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஏ. ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் முன் பலர் சாட்சி கூறினர். 2007 ஆம் ஆண்டில் 89 பேருக்கு நிவாரணத் தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

நம்பி வந்த விருந்தினர்

விருந்தறம் முறிந்த கதையில் உச்சமாக நிற்பது ஒரு வனத்துறை அதிகாரியின் முடிவாகும். ஆந்திர நாட்டில் இராஜமுந்திரியில் 1954 ஆம் ஆண்டு பிறந்தவர் பி. ஸ்ரீநிவாஸ். தமிழும் கன்னடமும் அவருக்குத் தாய்மொழி அல்ல. இந்திய வனப் பணியில் சேர்ந்து கருநாடகத்திற்கு வந்த அவர், வீரப்பனைப் பிடிக்கும் பொறுப்பை ஏற்றபோது கையாண்ட வழி வேறுபட்டது. அவர் கோபிநத்தத்திலேயே வந்து தங்கினார். ஊர் மக்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தார். வீடுகள் கட்ட உதவினார். மாரியம்மன் கோயிலை எழுப்பித் தந்தார். கள்வர் கூட்டத்தில் சேர்ந்திருந்த பலர் அவர் சொல்லை நம்பிச் சரணடைந்தனர். அயலார் ஒருவர் அவ்வூர்த் திண்ணைக்கு உரியவரானார்.

சரணடைய விரும்புவதாக வீரப்பன் சொல்லியனுப்பிய வார்த்தையை அவர் நம்பினார். 1991 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆம் நாள், ஆயுதமின்றிக் காட்டு வழியே நடந்து சென்றார். எரக்கேயம் என்னுமிடத்தில் அவரைச் சுட்டு, தலையையும் வெட்டினர். இந்திய அரசாங்கம் 1992 ஆம் ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்தது. சொல்லை நம்பித் தனித்து வந்தவனைத் தொடலாகாது என்பது பெதூயினுக்கும் தெரியும். நம் மலைவேடனுக்கும் தெரியும். அந்த அறத்தைக் கொன்றவன் கோபிநத்தத்தில் பிறந்தவன் என்பது உண்மை. ஆனால் கொல்லப்பட்டவரின் படத்தை மாரியம்மன் கோயிலில் வைத்து, தெய்வத்தோடு ஒப்ப வணங்குகிறவர்களும் அதே கோபிநத்தத்தாரே. இவ்விரண்டில் முன்னதை மட்டும் உலகம் அறிந்துகொண்டது.

நமது பிரயாணம்

2023 ஆம் ஆண்டின் இறுதியில் கருநாடக வனத்துறை கோபிநத்தத்தில் ஜீப்பில் காட்டுலா செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அச்செய்தி கேட்டு, நம் காலனியின் நான்கு குடும்பத்தினர், குழந்தைகள் உட்படப் பதினெழுவர், சென்ற தை மாதத்தில் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். இரயில் சாமராஜநகரோடு நின்றுவிடுவதால் நம் இலாகாவின் பாஸ் இவ்வழிக்கு உதவாது! திருமகூடல் நரசிபுரம், கொள்ளேகாலம், ஹனூர் வழியே தாளபெட்டாவை அடைந்து மலை ஏறினோம். மாதேசுவரனைத் தரிசித்தோம். புலியை வாகனமாகக் கொண்ட அச்சித்தரின் கதையைக் காட்டுக் குடிகளான சோலிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றனர். தமிழரும் கன்னடரும் ஒரே வரிசையில் நின்று தொழுது, தாசோகம் என்னும் அன்னதானப் பந்தியில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் காட்சி எம் உள்ளத்தை நிறைத்தது.

மலையின் மறுபுறம் பாலாற்றை நோக்கி இறங்கும்போதே நிலத்தின் தோற்றம் மாறியது. கோபிநத்தத்தில் வேனை நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறினோம். திறந்த பின்புறம், குலுங்கும் இருக்கை, தொண்டை வரை புழுதி. மணல் வண்டி ஏறிய துபாய் உறவினருக்கு நாம் சளைத்தவர் அல்லேம் என்று பெண்கள் சிரித்தனர். 1987 ஆம் ஆண்டு முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக விளங்கும் காடு அது. யானைச் சாணத்தையும் மான் கூட்டத்தையும் கண்டோம், யானையைக் காணவில்லை. குழந்தைகளுக்கு அது குறை. தாய்மார்களுக்கு அது நிம்மதி. ஜீப் ஓட்டிய வாலிபர் அவ்வூர்க்காரர். எம்மோடு தமிழிலும், சோதனைச் சாவடியில் கன்னடத்திலும் தங்குதடையின்றிப் பேசினார். வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்கச் சென்றபோது, விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைக் கண்ட அதிகாரி சிரித்துக்கொண்டே, "மீசை எங்கே?" என்று கேட்டதாகக் கூறினார். வீரப்பன் இறந்த ஆண்டில் தாம் கைக்குழந்தை என்றும் சொன்னார். அவர் சிரித்தபடியேதான் சொன்னார். எமக்குத்தான் சிரிக்க வரவில்லை.

திரும்பும் வேளையில் எம் வேனின் டயர் வெடித்துவிட்டது. மாற்று டயரிலும் காற்றில்லை. நண்பகல் கடந்துவிட்டது, பதினெழுவர்க்கு உணவு தரும் கடை அங்கே இல்லை. மரத்தடியில் நின்ற எம்மை, எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்த மூதாட்டியார் ஒருவர் பார்த்தார்.

"வெயில்ல எதுக்குச் சாமி நிக்கறீங்க? கொழந்தைங்களக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க" என்றார்.

எந்த ஊர், என்ன சாதி, என்ன வேலை என்று ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லை. முதலில் மோர் வந்தது. பின்னர் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளில் அடுப்பு புகைந்தது. கேழ்வரகுக் களியும், கொள்ளுக் குழம்பும், அவரைக்காய்ப் பொரியலும் வந்தன. களியை மெல்லாமல் உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு அம்மூதாட்டியாரே கற்றுக் கொடுத்தார். வீட்டில் சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் இரண்டாம் உருண்டை கேட்டதைக் கண்டு அன்னையர் வியந்தனர்.

உண்ட பின், பழைய நாட்களைப் பற்றி நாம் மெல்ல வினவினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"ராத்திரி வந்தவனுக்குச் சோறு போட்டா பகல்ல வந்தவங்க அடிச்சாங்க. போடாட்டி ராத்திரி வந்தவன் சும்மா உட்டுருவானா? சோத்துப் பானையப் பாத்தாலே பயமா இருந்த காலம் சாமி அது. இப்ப நீங்கல்லாம் வந்து உக்காந்து சாப்பிடறீங்க, பாக்க நல்லா இருக்குது" என்றார்.

புறப்படும்போது எம்முள் மூத்தவர் ஒருவர் பணத்தை எடுத்து நீட்டினார்.

"காசு வாங்குனா அது ஓட்டலு. இது ஊடு" என்று சொல்லி அவர் கையை மடக்கினார்.

"அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது, ஆயா?" என்றோம்.

அருகில் நின்ற பேத்தியைக் காட்டி, "இவ தமிழு நல்லாப் பேசுவா. எழுத்துத்தான் தெரியாது. உங்க புள்ளைங்க படிச்ச பழைய பொஸ்தகம் இருந்தா அனுப்புங்க" என்றார் அவர். பக்கத்து ஊரிலிருந்து டயர் வந்து சேர்ந்தபோது பொழுது சாயும் நேரமாகிவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன யாவை? ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்புவோர் அவ்வூரிலிருந்து காட்டிற்கு ஓடியவனைப் பாராமல், ஊரிலேயே இருந்தவர்களைப் பார்த்தல் வேண்டும். வீரப்பன் ஒருவன், சோறிட்டு அடிபட்டவர்கள் பலர். அவன் பெயரைச் சொல்லியே இன்று சுற்றுலாப் பயணிகள் அங்கே அழைக்கப்படுகின்றனர். அதனால் அவ்வூர் வாலிபர்க்குச் சிறிது வருவாய் உண்டாகுமாயின் நன்றே. ஆயினும் நம்மவர் அங்கே செல்லும்போது கள்வன் ஒளிந்த குகை எங்கே என்று கேளாமல், ஸ்ரீநிவாஸ் எழுப்பிய கோயில் எங்கே என்று கேட்பார்களாக.

இரண்டாவதாக, விருந்தறம் இருதலையுடையது. கன்னட நாடு நமக்கு இடம் தந்தது, வேலை தந்தது, அச்ச காலத்தில் அண்டை வீட்டாரின் கை தந்தது. நாம் இந்நாட்டில் விருந்தினராக வந்து வீட்டினராக ஆனவர்கள். வீட்டினர் ஆனோர்க்கு விருந்தோம்பும் கடமையும் உண்டு. உண்டு மகிழ்ந்து கைகழுவிச் செல்வது மட்டும் விருந்தினன் இலக்கணம் அன்று. பெதூயின் மரபிலும் இன்று விருந்தினனாய் இருப்பவன் நாளை கூடாரம் விரிக்க வேண்டியவனே.

அம்மூதாட்டியார் கேட்டது பொன்னோ பொருளோ அன்று. பழைய தமிழ்ப் பாடப் புத்தகம். அதைக் கேட்டபோது எம்முள் இருந்த அன்னையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதன் காரணத்தை வாசகர் அறிவர். தமிழ் பேசத் தெரிந்து எழுத்துத் தெரியாத பிள்ளைகள் கோபிநத்தத்தில் மட்டுமா உள்ளனர்? நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் உளர். அவர்களுக்கு இடையூறு காடும் அல்ல, கள்வனும் அல்ல, நம் சோம்பலே.

ஆதலின் நம் சங்கத்தின் செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துதல் வேண்டும். அவ்வகுப்பிற்கு வாங்கும் அரிச்சுவடியும் வாசகமும் எத்தனை படியோ, அத்தனை படி கோபிநத்தத்திற்கும் அனுப்புதல் வேண்டும். நம் பிள்ளைகள் தம் கையாலேயே ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஒரு வரி தமிழில் எழுதி அனுப்பினால், இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதுவே முதற்பாடமாகும். புத்தகங்களைக் கொண்டு சேர்க்க நாங்கள் நான்கு குடும்பத்தாரும் ஆயத்தமாக உள்ளோம். இம்முறை மாற்று டயருக்குக் காற்று நிரப்பிக்கொண்டே புறப்படுவோம்.

வாழ்க கோபிநத்தத்து விருந்தறம்! வளர்க நம் சங்கம்!